சாக்லேட் கட்டியும் மூன்று யோசனைகளும்

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். மகளுக்கு 22 வயது. பொள்ளாச்சியில் படித்து முடித்து அங்கேயே வேலைக்குப் போகிறாள். பதினாறு வயதிலிருந்து மாதாமாதம் எழுந்து நிற்க முடியாத வலி. போன மாதம் ஸ்கேனில் இடது சினைப்பையில் 4 சென்டிமீட்டருக்கு ‘சாக்லேட் கட்டி’, எண்டோமெட்ரியோசிஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. ஒரு கல்யாணத்தைப் பண்ணி, ஒரு குழந்தையும் பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நாத்தனார். கோயம்புத்தூர் டாக்டர் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை எழுதியிருக்கிறார். அதைத் தின்றால் பிள்ளையே பிறக்காது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். அண்ணன் மகனோ, ஜப்பானில் இதற்குக் காரணமான கிருமியையே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆன்டிபயாடிக் போதும் என்று செய்தி அனுப்பியிருக்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

கோயம்புத்தூர் டாக்டர் பேச்சைக் கேளுங்கள் அக்கா. அவசரத்தில் இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருபது வருடமாக மகப்பேறு பார்க்கிறவள். இதே மூன்று யோசனைகளை வேறு வேறு வாயால் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரியும். தமிழில் வலி என்றால் நோவு. மலையாளத்தில் வலி என்றால் இழுப்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நம்மூர்ப் பெண் ஒருத்தி “அடிவயிறு வலிக்குதுங்க சிஸ்டர்” என்று சொல்ல, கோட்டயத்திலிருந்து வந்திருந்த நர்ஸ் ‘வயிறு இழுக்கிறது’ என்று குறித்துக்கொண்டார். அன்றைக்குச் சிரித்தோம். அந்தப் பெண்ணின் வயிற்றில் சிறு துளையிட்டு, கேமரா விட்டு லேப்ராஸ்கோப்பியில் பார்த்தபோது சினைப்பையும் குடலும் கருப்பையின் பின்பக்கமும் பசை போட்டதுபோல ஒட்டி, ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தன. இந்த நோயைப் பொறுத்தவரை இரண்டு மொழியும் சரியாகத்தான் சொல்கின்றன.

கருப்பைக்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மாதாமாதம் தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும். அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ வயிற்றின் உள்சுவரிலோ குடலின் மேலோ மூத்திரப்பையிலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அதுவும் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு மாதாமாதம் தடிக்கும், கசியும். ஆனால் வெளியே வர வழியில்லை. அந்த இடம் வீங்கும், புண்ணாகும், ஆறும்போது தழும்பாகி ஒட்டிக்கொள்ளும். சினைப்பைக்குள் இப்படித் தேங்கிய பழைய ரத்தம் நாளாக நாளாகக் கரும்பழுப்பாகக் குழம்பு பதத்துக்கு வந்துவிடும். சாக்லேட் கட்டி என்ற பெயர் அந்த நிறத்தால் வந்தது. சாக்லேட் தின்றதால் வந்ததா என்று ஒரு மாமியார் கேட்டிருக்கிறார், அதனால் சொல்கிறேன். உலகம் முழுக்கக் கருவுறும் வயதில் இருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது, ஏறத்தாழ 19 கோடிப் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

உங்கள் மகளுக்குப் பதினாறில் தொடங்கிய வலிக்கு 22 வயதில்தான் பெயர் கிடைத்திருக்கிறது. இதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். பணக்கார நாடுகளிலும் வலி தொடங்கி நோய் பிடிபடச் சராசரியாக ஏழெட்டு வருடம் ஆகிறது. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்கேன் அறையில் முதல் கேள்வியே “கல்யாணம் ஆயிடுச்சா?” என்பதுதான். ஆகவில்லை என்றால் மூத்திரத்தை அடக்கிவைத்து வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனோடு அனுப்பிவிடுவார்கள். பெரிய கட்டி இருந்தால் அதில் தெரியும்: கறுப்பாக இல்லாமல், மங்கிய கண்ணாடியின் பின்னால் இருப்பதுபோல் ஒரே சீரான சாம்பல் நிறத்தில். ஆனால் வயிற்றுச் சுவரில் மிளகளவு ஒட்டியிருப்பதும், கருப்பைக்குப் பின்னால் குடல் ஒட்டிக்கொண்டதும் அதில் தெரியாமல் போகலாம். ‘ஸ்கேன் நார்மல்’ என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு ஐந்தாறு வருடம் அந்தப் பிள்ளைக்கு “எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிறதுதான்” என்ற வைத்தியம் நடக்கும். ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் நோய் இருக்கலாம். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். முன்பெல்லாம் வயிற்றில் துளையிட்டுக் கண்ணால் பார்த்தால்தான் நோயை உறுதி செய்வோம்; ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அறிகுறியையும் ஸ்கேனையும் வைத்தே மருந்து தொடங்கலாம்.

இனி காரணத்துக்கு வருவோம். அண்ணன் மகன் அனுப்பிய செய்தியும் இங்கேதான் வருகிறது.

அமெரிக்காவில் ஆல்பனி என்ற ஊரில் ஜான் சாம்ப்சன் என்று ஒரு மகப்பேறு மருத்துவர் இருந்தார். 1921இல் இந்தச் சாக்லேட் கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதினார். 1927இல், மாதவிலக்கு ரத்தத்தில் ஒரு பங்கு கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது, அதில் இருக்கும் சவ்வுத் துணுக்குகள் அங்கே வேர்பிடிக்கின்றன என்று சொன்னார். கேட்டவுடன் மனதில் உட்கார்ந்துவிடும் விளக்கம். இன்றைக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஓட்டை எங்கே என்றால், பின்னோக்கி ரத்தம் போவது பத்தில் ஒன்பது பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. எல்லார் வயலிலும் விதை விழுகிறது, சிலர் வயலில்தான் முளைக்கிறது. நூறு வருடமாக நடக்கும் ஆராய்ச்சி எல்லாம் அந்த வயலைப் பற்றியதுதான் என்று சொல்லலாம்.

அரிதாக நுரையீரலில் வருகிறது, சிசேரியன் தழும்பில் வருகிறது, புரோஸ்டேட் புற்றுநோய்க்கு நீண்டகாலம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனை மருந்தாக எடுத்த மிகச் சில ஆண்களுக்குக்கூட வந்திருக்கிறது. கருக்குழாயே இல்லாத ஆணுக்கு சாம்ப்சன் சொன்ன வழியில் வந்திருக்க முடியாது. அதனால் வயிற்று உள்சவ்வின் உயிரணுக்களே உருமாறுகின்றன என்றும், கரு உருவாகும்போதே தங்கிவிட்ட அணுக்கள் பிற்பாடு விழிக்கின்றன என்றும், ரத்த நாளம், நிணநீர் வழியே பரவுகிறது என்றும் வேறு விளக்கங்கள் இருக்கின்றன. எனக்குத் தோன்றுவது, ஒரே பெயரில் இரண்டு மூன்று நோய்களை நாம் அழைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான்.

குடும்பத்தில் வருமா என்றால், வரும். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் நோய்க்கான வாய்ப்பில் சுமார் பாதி மரபணுவைச் சார்ந்தது என்று தெரிந்தது. 2023இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கிரினா சோண்டர்வான் குழுவினர் முன்னின்று நடத்திய ஆய்வில், நோயுள்ள 60,000 பேருக்கு மேலும், நோயில்லாத 7 லட்சம் பேரும் ஒப்பிடப்பட்டார்கள். மரபணுத் தொகுதியில் 42 இடங்கள் அகப்பட்டன. அவற்றில் பல, ஒற்றைத் தலைவலியோடும் முதுகுவலியோடும் உறவுள்ள இடங்கள். “எனக்கு மைக்ரேனும் இருக்குதுங்க, அதையும் இதையும் சேர்த்துச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க” என்று புலம்பிய பெண்கள் சொன்னது வெறும் புலம்பல் இல்லை என்று ஆகிவிட்டது. நம் நாட்டிலும் மும்பையில் உள்ள தேசிய இனப்பெருக்க மற்றும் குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனம் இந்தியப் பெண்களிடம் இதே மாதிரி மரபணு ஆய்வை எடுத்து நடத்துகிறது. வெளிநாட்டுக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் எனக்கு இதில் எதிர்பார்ப்பு அதிகம்.

2017இல் வந்த இன்னொரு ஆய்வு என்னைத் தூங்கவிடவில்லை. ஆழமாக ஊடுருவிய திசுவை 24 பெண்களிடமிருந்து எடுத்துப் பார்த்ததில் 19 பேரின் திசுவில், பிறவியில் இல்லாமல் பிற்பாடு ஏற்பட்ட மரபணு மாற்றங்கள் இருந்தன. சிலரில் அவை புற்றுநோயில் காணப்படும் அதே மரபணுக்களில். பயப்படாதீர்கள், எண்டோமெட்ரியோசிஸ் புற்றுநோய் கிடையாது. சினைப்பைப் புற்றுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல், மொத்தத்தில் குறைவுதான். அந்த ஆய்வு எனக்குச் சொன்னது வேறு: இந்தத் திசு இடம் மாறி விழுந்த அப்பாவித் திசு இல்லை, தனக்கென்று ஒரு போக்கு பிடித்துக்கொண்ட திசு. தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அடங்கு என்று சொல்லும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்குக் காது கொடுக்க மறுக்கிறது. சுத்தம் செய்ய வந்த நோய் எதிர்ப்பு அணுக்களையே தன் பக்கம் சேர்த்துக்கொண்டு புது ரத்த நாளங்களையும் நரம்புகளையும் வளர்க்கிறது. நரம்பு வளர்வதால்தான் கடுகளவு புள்ளி உள்ளவள் துடிக்கிறாள். ஆரஞ்சு அளவு கட்டி உள்ளவள் ஒன்றுமே தெரியாமல், குழந்தை இல்லை என்று வந்த இடத்தில் கண்டுபிடிக்கப்படுகிறாள்.

ஜப்பான் செய்தி உண்மைதான். நகோயா பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்டார்கள். ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி, சாதாரணமாக வாயில், ஈறுகளில் இருப்பது. நோயுள்ள பெண்களில் 64 சதவீதம் பேரின் கருப்பைச் சவ்வில் அது இருந்தது. நோயில்லாதவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு. சுண்டெலிகளுக்கு அந்தக் கிருமியைக் கொடுத்தபோது புண்கள் பெருகின, ஆன்டிபயாடிக் கொடுத்தபோது குறைந்தன. அருமையான வேலை. ஆனால் கிருமி வந்ததால் நோய் வந்ததா, நோயால் கெட்ட இடத்தில் கிருமி குடியேறியதா என்பதை அந்தக் கணக்கு தீர்த்து வைக்கவில்லை. சுண்டெலிக்கு மாதவிலக்கே கிடையாது. அதற்கு நோயை நாம்தான் வயிற்றில் திசுவை வைத்து உண்டாக்குகிறோம். மீதி 36 சதவீதம் பேரிடம் அந்தக் கிருமி இல்லை. பெண்களிடம் முறையாகச் சோதித்துப் பலன் தெரியும்வரை ஆன்டிபயாடிக் இதற்கு மருந்தாகாது. அண்ணன் மகனிடம் சொல்லுங்கள், மருந்துக்கடையில் போய்த் தானாக வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

முதலமடை மாந்தோப்புகளில் கூலிக்குப் போகும் பெண்கள் என்னிடம் கேட்பது இன்னொன்று: “தோப்புக்கு மருந்தடிக்கிறதுனால வருதுங்களா டாக்டரம்மா?” நியாயமான கேள்வி. அமெரிக்காவில் நான்கு வருடம் டயாக்சின் என்ற நச்சு கலந்த உணவு கொடுக்கப்பட்ட குரங்குகளை, அது முடிந்து பத்து வருடம் கழித்துப் பரிசோதித்தபோது, அளவு கூடக் கூட எண்டோமெட்ரியோசிஸ் கூடியிருந்ததாக 1993இல் எழுதினார்கள். மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் அப்படி ஒரே குரலில் பேசவில்லை. சில பூச்சிமருந்துகளோடு தொடர்பு தெரிகிறது என்று சில ஆய்வுகள், இல்லை என்று சில. அவர்களுக்கு நான் சொல்வது, இந்த நோய்க்காக இல்லாவிட்டாலும் மருந்தடிக்கும் நாளில் தோப்புக்குள் நிற்காதீர்கள் என்று.

வைத்தியத்தில் முதல்படி வலி மாத்திரை. மெஃபனமிக் ஆசிட் போன்றவை வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தின் உற்பத்தியையே தடுப்பவை. அதனால் வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போட்டால் பாதிப் பலன்தான். வலி தொடங்கும் அறிகுறி தெரிந்தவுடன், சாப்பிட்ட பிறகு, டாக்டர் சொன்ன அளவில் போட வேண்டும். “அடிக்கடி போட்டா பழகிடும்” என்று மகளைத் தடுத்திருந்தால் இனித் தடுக்காதீர்கள். போதைபோலப் பழகும் மாத்திரை இல்லை இது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு போன்றவை உள்ளவர்களுக்குத்தான் கூடாது. 2023 கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது: மிக அரிதாகச் சிலருக்குச் சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறிகட்டுதல் என்று கடுமையான ஒவ்வாமை வருகிறது. அப்படி ஏதாவது கண்டால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்களைப் பயமுறுத்தும் அந்த ஹார்மோன் மாத்திரை அநேகமாக டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் ஆக இருக்கும். சீட்டைப் பாருங்கள். புரோஜெஸ்டிரோன் வகை. தினம் ஒரே நேரத்துக்கு ஒன்று. சினைப்பையின் ஈஸ்ட்ரோஜனைக் குறைத்து, அந்தத் திசு மாதாமாதம் தடிக்காமல் பட்டினி போடும். கட்டி மெள்ளச் சுருங்கலாம். முதல் இரண்டு மூன்று மாதம் விட்டுவிட்டுக் கசிவு இருக்கும். பலர் இதற்குப் பயந்துதான் நிறுத்திவிடுகிறார்கள். தலைவலி வரலாம், மனசு சோர்ந்து போகலாம். அழுகை, எரிச்சல் கூடினால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும், வேறு மருந்து இருக்கிறது. பிறகு பலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும். “கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடாதா?” என்பீர்கள். தங்காது. சவ்வு தடிக்கவே இல்லை என்றால் உதிர என்ன இருக்கிறது? மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் முட்டை வெளியாவது திரும்பிவிடும். பிள்ளை பிறப்பதற்கு ஆபத்து மாத்திரையால் இல்லை, சும்மா விடப்பட்ட நோயால்தான்.

இதே வேலையைச் சாதாரணக் கருத்தடை மாத்திரையும், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் ஓரளவு செய்யும். அடங்காவிட்டால் மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் கட்டளையையே நிறுத்தும் ஊசிகள் உண்டு. அவற்றில் உடம்பு மாதவிடாய் நின்ற பெண்ணைப்போல ஆகிவிடும், எலும்பு தேயும். அதனால் காலக்கெடுவோடுதான் கொடுப்போம். இந்த வரிசையில் வாயால் சாப்பிடும் எலகோலிக்ஸ் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2022இல் ரெலுகோலிக்ஸ் என்ற இதே வகை மருந்தை, இந்த நோய்க்கு, எலும்பைக் காக்கும் அளவுக்குக் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்து ஒரே மாத்திரையாக அனுமதித்தார்கள். முழுக்க வறள விடாமலும் பொங்க விடாமலும் நடுவில் நிறுத்துகிற யோசனை. சமீபத்தில் வந்தவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் கவனியுங்கள், இவை எல்லாமே ஹார்மோனை அடக்குபவை. இவற்றை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்க முயலக் கூடாது, நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

ஹார்மோனைத் தொடாமல் நோயை மட்டும் தாக்கும் மருந்துக்குத்தான் எல்லாரும் காத்திருக்கிறோம். எடின்பரோவில், வயிற்றுச் சவ்வில் லாக்டேட் என்ற பொருள் அதிகமாக உற்பத்தியாகித் திசு வேர்பிடிக்க உதவுவதைக் கண்டு, அதைக் குறைக்கும் டைகுளோரோஅசிடேட் என்ற பழைய மருந்தைப் பெண்களிடம் சிறிய அளவில் சோதித்து வருகிறார்கள். ஜப்பானில் வீக்கத்தைத் தூண்டும் ஐ.எல்.-8 என்ற புரதத்தை மடக்கும் ஊசி, குரங்குகளில் புண்ணையும் ஒட்டுதலையும் குறைத்ததாக 2023இல் வெளியிட்டார்கள். எச்சிலை வைத்தே நோயைக் கண்டறியும் பரிசோதனை ஒன்று பிரான்ஸில் வந்திருக்கிறது. எதுவும் அடுத்த மாதம் பொள்ளாச்சி மருந்துக்கடைக்கு வந்துவிடாது.

அறுவை சிகிச்சை? வலி மருந்துக்கு அடங்காவிட்டால், குடலையோ சிறுநீர்க் குழாயையோ நோய் நெருக்கினால், கட்டி பெரிதாகிக்கொண்டே போனால் செய்யலாம். கைதேர்ந்தவரிடம் செய்ய வேண்டும். சினைப்பையிலிருந்து கட்டியை உரிக்கும்போது ஆரோக்கியமான முட்டைகளும் கொஞ்சம் கூடவே போய்விடும். 22 வயதுப் பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர் கட்டியை மட்டும் பார்த்து நான் கத்தியை எடுக்க மாட்டேன். எடுத்தாலும் பிறகு மருந்து இல்லாமல் விட்டால் இரண்டு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்கும், ஐந்து வருடத்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் திரும்பி வருகிறது. பக்கத்து ஊரில் ஒரு பெண்ணுக்கு 29 வயதில் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். வலி அப்படியே இருக்க என்னிடம் வந்தாள். குடலுக்குப் பக்கத்தில் இருந்த திசுவை யாரும் தொடவே இல்லை. நோய் இருந்தது கருப்பைக்கு வெளியே, எடுத்தது கருப்பையை.

நாத்தனார் யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கர்ப்ப காலத்தில் மாதவிலக்கு இல்லை, புரோஜெஸ்டிரோன் அதிகம். அதனால் சிலருக்கு வலி குறையும், அந்தப் பேச்சு அங்கிருந்துதான் வந்தது. பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முன்னே சொன்ன 2022 வழிகாட்டுதல், நோயைக் குணப்படுத்துவதற்காக மட்டும் கர்ப்பமாகச் சொல்லக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. போதாததற்கு இந்த நோயுள்ளவர்களில் பலருக்குத் தாம்பத்தியத்தில் கடும் வலி இருக்கும். அதைத் தெரியாத மாப்பிள்ளை வீட்டில் வருடத்துக்குள் விசேஷம் உண்டா என்று கேட்க ஆரம்பித்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? அவளுக்குப் பிடித்த நேரத்தில் கல்யாணம் நடக்கட்டும். நோயுள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் தானாகவே கருத்தரிக்கிறார்கள். தாமதமானால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

கஷாயம் குடிக்கலாமா என்று கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் கேட்பீர்கள். பாலக்காட்டுப் பக்கம் இருந்துகொண்டு ஆயுர்வேத வைத்தியசாலையைத் தவிர்க்க முடியாது, தெரியும். இந்த நோயை அது கரைக்கும் என்று நம்பும்படியான சோதனை எதுவும் என் கண்ணில் படவில்லை. குடித்தால் எங்களிடம் மறைக்காதீர்கள், மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்காதீர்கள். சூட்டு ஒத்தடம், நடை, இடுப்புத் தசைக்கான பிசியோதெரபி ஆகியவை நிஜமாகவே கொஞ்சம் உதவும்.

அடுத்த முறை போகும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும், மலையாளத்தில் எழுதிய சீட்டு உட்பட, தேதிவாரியாக எடுத்துப்போங்கள். வீட்டுக் காலண்டரில் மகளையே வலி வரும் நாளையும் போட்ட மாத்திரையையும் குறித்துவரச் சொல்லுங்கள். முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். இடையில் திடீரென்று தாங்க முடியாத வலியோ வாந்தியோ காய்ச்சலோ வந்தால் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடைந்திருக்கலாம். டாக்டர் அறையில் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம் அக்கா, அவள் சொல்லட்டும். மலம் போகும்போது வலிக்கிறதா என்பதுவரை கேட்பார்கள். அந்தப் பத்து நிமிடம் நீங்கள் வெளியே டீ குடிக்கப் போனால் இன்னும் நல்லது.